நிரல் சரித்தன்மையும் கற்றல் கோட்பாடும்

ஒரு கணினி நிரல் தனக்கு விதிக்கப்பட்ட வேலையை எல்லா உள்ளீடுகளுக்கும் பிசகாமல் செய்கிறதா என்று ஆராயும் துறை நிரல் சரித்தன்மை. சில எடுத்துக்காட்டுகளை மட்டும் கண்டு பொதுவிதியை ஊகிப்பவர் எந்தச் சூழலில், எவ்வளவு முயற்சியில் சரியான விதியை எட்டுவார் என்று கணக்கிடும் துறை கணிப்பியல் கற்றல் கோட்பாடு. நிரலைச் சோதிப்பவர் நூறு உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்காத எண்ணிலடங்கா உள்ளீடுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். கற்பவர் செய்வதும் அதுவே. இவ்விரு துறைகளின் உறவு 1950களிலேயே தென்பட்டது. அது கணித வடிவம் பெற்றது பெரும்பாலும் 1980களில். இக்கட்டுரை அந்த உறவின் வரலாற்றைத் தொடர்கிறது. தருக்க நிரூபண மரபு தேவையான இடங்களில் மட்டும் குறிப்பிடப்படுகிறது.

தொடக்கம்

நிரலின் நடுநடுவே ‘இந்த இடத்தில் இது உண்மையாக இருக்கும்’ என்ற கூற்றுகளை எழுதிவைக்கும் வழக்கம் 1947இல் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நியூமனும் எழுதிய அறிக்கையின் பாய்வுப்படங்களிலேயே உண்டு. 1949 ஜூன் 24 அன்று, கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி இயங்கத் தொடங்கியதையொட்டி நடந்த மாநாட்டில் ஆலன் டூரிங் பெரிய நிரலைச் சரிபார்ப்பது பற்றி ஒரு சிறு உரை படித்தார். மூன்றே பக்கம். பெருக்கல் கட்டளை இல்லாத பொறியில் கூட்டலை மட்டும் வைத்துத் தொடர்பெருக்கம் காணும் நிரலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் நிற்க வேண்டிய கூற்றை எழுதி, நிரல் ஓயாமல் சுழலாது, கட்டாயம் முடியும் என்பதற்கும் தனி வாதம் கொடுத்தார். மாநாட்டு அறிக்கையின் தட்டச்சில் அவருடைய குறியீடுகள் பல இடங்களில் சிதைந்துபோயின. மாரிஸ், ஜோன்ஸ் என்ற இருவர் 1984இல் அவற்றைத் திருத்தி மறுபடி வெளியிட்ட பிறகே உரை பரவலாக அறியப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள்மீது அதற்குச் செல்வாக்கு இருந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ராபர்ட் ஃப்ளாய்டு (1967), டோனி ஹோர் (1969) ஆகியோர் நிரூபண முறையைத் தாங்களாகவே வகுத்தனர் என்பதே பெரும்பாலோர் கொள்கை.

கற்றல் பக்கத்தின் தொடக்கமாக எட்வர்ட் மூர் 1956இல் வெளியிட்ட கட்டுரையைச் சொல்வதுண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பெட்டி, வெளியே சில பொத்தான்கள், ஒரு விளக்கு. பொத்தான்களை அழுத்தி, விளக்கைப் பார்த்து, உள்ளேயிருக்கும் பொறி எது என்று கண்டுபிடிக்க முடியுமா? எந்த முடிவுள்ள சோதனையைச் செய்தாலும் அதே விடைகளைத் தரும் வேறொரு பொறி இருந்தே தீரும் என்று மூர் நிறுவினார். பொறிக்கு இத்தனை நிலைகளுக்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கதை மாறும். ஆனாலும் எண்பூட்டுப் போன்ற பொறிகளில் சோதனைகளின் எண்ணிக்கை அடுக்கடுக்காகப் பெருகிவிடும் என்றும் காட்டினார். ‘எந்த முன்நிபந்தனையைச் சேர்த்தால் சோதனை சான்றாகும்’ என்ற பிற்கால ஆய்வு முழுவதற்கும் இந்த இரண்டு முடிவுகளே வரம்பு கட்டின.

1967இல் மார்க் கோல்ட், சரியான எடுத்துக்காட்டுகள் மட்டுமே கிடைத்தால் எளிய மொழி வகுப்புகளைக்கூட இறுதியில் இனங்காண முடியாது என்று நிறுவினார். லெனோர் ப்ளமும் மானுவல் ப்ளமும் 1975இல் இக்கோட்பாட்டைக் கணிதச் சார்புகளுக்கு விரித்தனர்.

1970கள்

சோதனை பிழை இருப்பதைக் காட்டுமே தவிர இல்லாததைக் காட்டாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா பலமுறை வலியுறுத்தினார். அதே பத்தாண்டில், எப்போது சோதனையே நிரூபணமாகும் என்று குட்இனஃப், கெர்ஹார்ட் ஆகியோர் 1975இல் கேட்டனர். வாசிலெவ்ஸ்கி 1973இலும், அவரைச் சாராமல் சௌ 1978இலும் நிலைப்பொறிகளுக்கு ஒரு விடை தந்தனர். நிரலில் உள்ள நிலைகள் வடிவமைப்பில் உள்ளதைவிட இத்தனைக்கு மேல் கூடாது என்று உறுதியிருந்தால், முழுமையான சோதனைத் தொகுதி ஒன்றை இயற்றிவிடலாம். அந்தக் கூடுதல் நிலைகள் ஒவ்வொன்றுக்கும் தொகுதியின் அளவு பல மடங்காகும். டிமில்லோ, லிப்டன், சேவர்ட் ஆகியோர் 1978இல் பிறழ்வுச் சோதனையை முன்வைத்தனர். நிரலில் வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்து, அந்தப் பிறழ்வைச் சோதனைத் தொகுதி பிடிக்கிறதா என்று பார்ப்பது இம்முறை.

சந்திப்பு: 1982 முதல் 1990 வரை

இவ்விரு துறைகளையும் முதலில் இணைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மூரையே முன்னோடியாகக் கொள்வோர் உளர். திமத்தி பட், டானா ஆங்லுவின் இருவரும் 1982இல் எழுதிய கட்டுரையைச் சிலர் சுட்டுவர். ஒரு நிரலை அதன் அண்டை நிரல்களிலிருந்து பிரித்துக் காட்டும் சோதனைத் தொகுதியை எப்போது உருவாக்க முடியும், உருவாக்கியது போதுமானதா என்று எப்போது தீர்மானிக்க முடியும் என்று அது ஆராய்ந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த எலேன் வெயுக்கர் 1983இல் உறவை இன்னும் வெளிப்படையாக்கினார். சோதனைத் தொகுதியை ஒரு கற்கும் கருவியிடம் கொடுத்தால், அது ஊகிக்கும் நிரல் நம் நிரலுக்கும் விவரக்குறிப்புக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அப்படிப் பொருந்தினால் தொகுதி போதுமானது. வரையறையைப் படிக்க எளிது, நடைமுறைப்படுத்தக் கடினம். ஆனால் ‘இத்தனை சோதனை போதுமா’ என்ற தொழிற்கூடக் கேள்விக்கு ஒரு கணிதப் பொருள் கிடைத்தது இதனால்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் எஹுட் ஷபிரோ 1982இல் முடித்த ஆய்வேடு பிழைதிருத்தத்தையே கற்றலாகப் பார்த்தது. புரோலாக் மொழியில் எழுதிய நிரல் ஒன்று தவறான விடை தந்தால், அவருடைய கருவி நிரலாளரிடம் கேள்வி கேட்கும்: இந்தத் துணைநிரல் இந்த உள்ளீட்டுக்கு இந்த விடை தந்தது, இது சரியா? ‘சரி’, ‘தவறு’ என்ற விடைகளைக் கொண்டு அழைப்புகளின் கிளைகளைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய்ப் பிழையான விதியைப் பிடித்துவிடும். ஆயிரம் அழைப்புகள் நடந்திருந்தாலும் ஏறத்தாழப் பத்து கேள்விகளில் இடம் தெரிந்துவிடலாம்.

லெஸ்லி வேலியன்ட் 1984இல் எழுதிய கட்டுரை கற்றலின் குறிக்கோளையே தளர்த்தியது. முழுச்சரியான விதி வேண்டாம். ‘பெரும்பாலும் சரியான’ விதியை ‘பெரும்பாலான’ தடவைகளில் எட்டினால் போதும், ஆனால் குறைந்த நேரத்தில் எட்ட வேண்டும் என்றார். எடுத்துக்காட்டுகள் ஏதோ ஒரு நிகழ்தகவுப் பரவலிலிருந்து வருகின்றன. கற்றதைச் சோதிப்பதும் அதே பரவலில்தான். இந்த நிபந்தனையை வைத்துக்கொண்டால் சோதனைக்கும் கணக்கு வந்துவிடுகிறது. ஒரு நிரல் ஆயிரத்தில் ஒரு தடவைக்கு மேல் தவறக் கூடாது, அதை 99 விழுக்காடு உறுதியுடன் சொல்ல வேண்டும் என்போம். பரவலிலிருந்து எழுந்தமானமாக எடுத்த 4,603 உள்ளீடுகளில் ஒரு பிழைகூட வராவிட்டால் அப்படிச் சொல்லலாம். நிரல் பத்து வரியா பத்து லட்சம் வரியா என்பது இக்கணக்கில் வரவே இல்லை.

இதே கணக்கின் மறுபக்கமும் விரைவில் தெரிந்தது. விமானக் கட்டுப்பாடு போன்ற இடங்களில் மணிக்கு நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிழைவாய்ப்பு இருக்கக் கூடாது என்பார்கள். அதைச் சோதித்தே காட்டுவதென்றால் நூறு கோடி மணிநேரம், அதாவது சுமார் 1,14,000 ஆண்டுகள் நிரலை ஓட்ட வேண்டும். நாசா லாங்லி மையத்தின் பட்லர், ஃபினெல்லி ஆகியோர் 1993இல் இதைச் சுட்டிக்காட்டி, இவ்வகை நம்பகத்தன்மையைச் சோதனையால் அளக்க முடியாது என்று முடிவு கூறினர்.

ஆங்லுவினின் வழிமுறை

இத்துறையில் விரிவாக ஆவணப்படுத்தப்பட்டவற்றுள் ஒன்று, ஆங்லுவின் 1987இல் வெளியிட்ட, எல்-ஸ்டார் என்று வழங்கும் வழிமுறை. கற்பவருக்கு இங்கே ஓர் ஆசிரியர் உண்டு. இரண்டு வகைக் கேள்விகள் கேட்கலாம். ‘இந்தப் பொத்தான் வரிசையை அழுத்தினால் விளக்கு எரியுமா?’ என்பது ஒன்று. ‘நான் ஊகித்த பொறி இது, சரிதானா?’ என்பது மற்றது. இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் ஆசிரியர் ஓர் எதிர்க்காட்டும் தர வேண்டும்.

வழிமுறை இயங்கும் விதத்தை ஒரே பொத்தான் உள்ள பெட்டியில் பார்க்கலாம். அழுத்தங்களின் எண்ணிக்கை மூன்றால் வகுபட்டால் விளக்கு எரியும், இல்லையேல் அணைந்திருக்கும். கற்பவருக்கு இது தெரியாது. அழுத்தாதபோது எரிகிறது, ஒரு தடவை அழுத்தினால் அணைகிறது. ஆகவே இரண்டு நிலைகளாவது உண்டு. இரண்டு தடவை அழுத்தினாலும் அணைந்தே இருக்கிறது. அதனால் ‘ஒரு தடவை அழுத்திவிட்டால் பிறகு எரியாது’ என்று கற்பவர் ஊகிக்கிறார். ஆசிரியர் மறுத்து, மூன்று அழுத்தத்தை எதிர்க்காட்டாகத் தருகிறார். இப்போது அட்டவணையில் ஒரு முரண்: ஒன்றும் இரண்டும் ஒரே மாதிரி அணைந்திருந்தாலும், இன்னொரு அழுத்தம் கொடுத்தால் ஒன்று அணைந்தே இருக்கிறது, மற்றது எரிகிறது. ஒரே நிலையாக இருந்தால் இப்படி நடக்காது. ‘இன்னொரு அழுத்தத்துக்குப் பிறகு’ என்று அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர்த்தவுடன் மூன்று வெவ்வேறு வரிசைகள் தெரிகின்றன. மூன்று அழுத்தத்தின் வரிசை தொடக்க வரிசையாகவே மீண்டும் வருகிறது. இரண்டாவது ஊகம் சரி.

நிலைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஊகக் கேள்விகள் தேவைப்படுவதில்லை. மொத்த வேலையும் நிலைகளின் எண்ணிக்கை, பொத்தான்களின் எண்ணிக்கை, எதிர்க்காட்டின் நீளம் ஆகியவற்றின் பல்லுறுப்புக் கோவைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு எதிர்க்காட்டும் கற்பவரின் ஒரு குறிப்பிட்ட தவறான நம்பிக்கையை உடைக்கிறது, ஒன்றும் வீணாவதில்லை.

ஆசிரியர் என்ற கற்பனை தொடக்கத்திலிருந்தே விவாதத்துக்கு உள்ளானது. ஊகம் சரிதானா என்று சொல்லத் தெரிந்தவர் இருந்தால் சரித்தன்மைச் சிக்கல் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதே என்பது மறுப்பு. ஆங்லுவினே ஒரு மாற்று சொன்னார்: ஆசிரியருக்குப் பதில் எழுந்தமான உள்ளீடுகளை வைத்து ஊகத்தைச் சோதிக்கலாம். அப்போது வேலியன்ட் சொன்ன ‘பெரும்பாலும் சரி’ என்ற பொருளில் விடை கிடைக்கும். வாசிலெவ்ஸ்கி–சௌ சோதனைத் தொகுதியை ஆசிரியராக வைப்பது இன்னொரு வழி. அதில் கூடுதல் நிலைகளின் வரம்பு என்ற பழைய நிபந்தனை மீண்டும் வந்துவிடுகிறது. மறுப்பு முழுமையாகத் தீர்ந்ததாகக் கருத முடியாது.

தன்னையே சரிபார்க்கும் நிரல்

பெர்க்லியில் மானுவல் ப்ளமும் அவருடைய மாணவர் சம்பத் கண்ணனும் 1989இல் வேறு வழி கண்டனர். நிரல் எல்லா உள்ளீடுகளுக்கும் சரியா என்று கேட்க வேண்டாம். இந்த உள்ளீட்டுக்குத் தந்த இந்த விடை சரியா என்று மட்டும் பார்க்கலாம். அடுத்த ஆண்டு ப்ளம், மைக்கேல் லூபி, ரோனிட் ரூபின்ஃபெல்ட் மூவரும் நிரலை எழுந்தமான உள்ளீடுகளில் தன்னைத்தானே சோதிக்கவும் திருத்தவும் வைக்கும் முறைகளைத் தந்தனர். கூட்டலைக் காக்கும் சார்பு ஒன்றைக் கணக்கிடும் நிரல் சில இடங்களில் தவறினாலும், கேட்ட எண்ணோடு ஓர் எழுந்தமான எண்ணைக் கூட்டி விடை வாங்கி, அந்த எழுந்தமான எண்ணுக்குரிய விடையைக் கழித்தால் பெரும்பாலும் சரியான விடை கிடைக்கும். எடுத்துக்காட்டுகளிலிருந்து ஊகிப்பதை ஆராய்ந்த ப்ளம் இணையர், மானுவல் ப்ளமிடம் முனைவர் பட்டம் பெற்ற ஆங்லுவின், பிறகு கண்ணன், ரூபின்ஃபெல்ட் என்று இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஒரே ஆசிரியர் பரம்பரைக்குள் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்துகளுக்கு வெளியுலகில் உரைகல்லாக அமைந்தது இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் கணிப்புச் சில்லில் 1994இல் தெரியவந்த வகுத்தல் பிழை. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடைகள் பிசகுவதைக் கண்டு, மாதக்கணக்கில் ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்த்து, பழி கணிப்புச் சில்லுமீதே விழும் என்று உறுதி செய்துகொண்டார். 41,95,835ஐ 31,45,727ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும், சில்லு 1.33374 என்றது. வகுத்தலுக்கான 1,066 பதிவுகள் கொண்ட அட்டவணையில் ஐந்து பதிவுகள் விடுபட்டிருந்தன. எழுந்தமான வகுத்தல்களில் 900 கோடியில் ஒன்றே தவறும், சாதாரணப் பயனர் 27,000 ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் பிழையைச் சந்திப்பார் என்றது இன்டெல். தன் கணக்குப்படி 24 நாள்களுக்கு ஒரு தடவை சந்திக்கக்கூடும் என்று ஐபிஎம் மறுத்து, அந்தச் சில்லு உள்ள கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. இரு தரப்பும் பேசியது ஒரே பிழையைப் பற்றித்தான். வேறுபட்டது, எண்கள் எந்தப் பரவலில் வருகின்றன என்ற ஊகம். எந்த மதிப்பீடு நடைமுறைக்கு நெருக்கமானது என்பது முடிவாகத் தீர்க்கப்படவில்லை. இன்டெல் இறுதியில் கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றிக் கொடுத்து, 47.5 கோடி டாலர் செலவை ஏற்றது. ப்ளமும் வாசர்மனும் 1996இல் எழுதிய கட்டுரை, வகுத்தல் விடையை உடனுக்குடன் சரிபார்க்கும் எளிய நிரல் இருந்திருந்தால் இப்பிழைக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்கிறது.

1999 முதல்

டோரன் பெலட், மோஷே வார்டி, மிஹாலிஸ் யானக்காகிஸ் ஆகியோர் 1999இல், உள்ளே பார்க்க முடியாத கருவியை எல்-ஸ்டார் வழி கற்றுக்கொண்டே அதன் பண்புகளைச் சரிபார்க்கும் முறையைத் தந்தனர். நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் இதை வெகுதூரம் கொண்டுபோயினர். வங்கி வாடிக்கையாளர்கள் கையில் வைத்திருக்கும் இணையவங்கிக் கருவி ஒன்றின் பொத்தான்களை அழுத்த, அவர்கள் லெகோ துண்டுகளால் ஒரு ரோபோ கட்டினர். ரோபோ பொத்தானை அழுத்தும், கருவியின் விடையைப் படிக்கும், அட்டவணை நிரம்பும். முன்பு கையால் கண்டுபிடிக்கப்பட்டிருந்த பாதுகாப்புக் குறை, கற்ற பொறியின் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. திருத்திய பதிப்பின் படத்தில் அது இல்லை. இது 2014இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டி ரைட்டர், போல் இருவரும் இணையப் பாதுகாப்பு நெறிமுறையின் ஒன்பது செயலாக்கங்களை இவ்வாறே கற்று, மூன்றில் புதிய பாதுகாப்புக் குறைகள் கண்டனர்.

நிரூபண மரபும் கற்றலை நாடியது. மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் பொய்க்காமல் நிற்கும் மாறாக்கூற்றை மனிதர் ஊகித்துத் தர வேண்டியிருந்தது நிரூபண முறையின் பழைய சுமை. மைக்கேல் எர்ன்ஸ்ட் குழுவின் டைக்கான் கருவி 1999இல், நிரல் ஓடும்போது கிடைக்கும் மதிப்புகளிலிருந்து அத்தகைய கூற்றுகளை ஊகித்தது. கார்க், லோடிங், மதுசூதன், நைடர் ஆகியோர் 2014இல் மாறாக்கூற்றைக் கற்பதற்குச் சரி, தவறு என்ற இருவகை எடுத்துக்காட்டுகள் போதாது என்று காட்டினர். ‘இந்த நிலை உள்ளே இருந்தால் அடுத்த நிலையும் உள்ளே இருக்க வேண்டும்’ என்ற மூன்றாம் வகைச் சான்றையும் கற்பவர் ஏற்க வேண்டும். இவர்களுள் மதுசூதன் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

2018 முதல் நரம்பு வலையமைப்புகளும், அண்மையில் பெரிய மொழி மாதிரிகளும் மாறாக்கூற்றுகளை ஊகிக்கப் பயன்படுகின்றன. ஊகத்தை முன்வைப்பது எதுவானாலும், அதை ஏற்பதா தள்ளுவதா என்று இம்முறைகளில் முடிவு செய்வது தருக்க நிரூபிப்பானே.